தொடர்கதைல ரெண்டு பேர் நடுவுல இருந்த இழுப்பு போயிடுச்சா? அறிகுறி பாத்து சரி பண்ற வழி

கடலூர் மஞ்சக்குப்பத்துல உக்காந்து ஆறு வருஷமா ஆப்புல தொடர்கதை எழுதிட்டு வர்றேன், கூடவே எழுதற ஏழெட்டு பேரோட அத்தியாயத்த வெளியிடறதுக்கு முன்னாடி படிச்சு பாத்து சொல்றதும் உண்டு, ஞாயித்துக்கிழமை சாயந்தரம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுல கூடுவோம், பாண்டிச்சேரி பக்கத்துல இருந்து ரெண்டு பேர் பஸ் புடிச்சு வருவாங்க. அங்க வர்ற கேள்வில பாதிக்கு மேல ஒண்ணேதான். "அக்கா, முதல் 30 அத்தியாயத்துல இவங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல நின்னாலே படிக்கறவங்களுக்கு படபடன்னு இருந்துச்சு, இப்போ 70 தாண்டிடுச்சு, கைய புடிச்சா கூட யாரும் கண்டுக்க மாட்டேங்கறாங்க, எங்க தப்பு பண்ணேன்?"

நான் அத இழுப்புன்னு சொல்லுவேன். ரெண்டு பேருக்கும் புடிச்சிருக்கு, படிக்கறவங்களுக்கும் தெரியுது, ஆனா சொல்லிக்கல, சேரல, நடுவுல ஒரு கயிறு விறைப்பா நிக்குது. அந்த கயிறு தளந்துச்சுன்னா அதே கதைக்கு பேரு இழுவை. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் அத்தியாயத்தோட எண்ணிக்கைல இல்ல, 200 அத்தியாயம் விறைப்பா நின்ன கதையும் இருக்கு, 12லயே தளந்த கதையும் இருக்கு.

உதாரணத்துக்கு என் கதையவே எடுத்துக்கறேன், அதுல எங்க பழுதாச்சு எப்படி சரி பண்ணேன்னு எனக்கு நல்லா தெரியும். தேன்மொழின்னு ஒரு பொண்ணு, மஞ்சக்குப்பத்துல பத்திர எழுத்தர் ஆபீஸ்ல டைப் அடிக்கறா. பாலு சர்வேயர். ரெட்டிச்சாவடி பக்கம் தேன்மொழியோட அப்பா நிலத்துல எல்லைத் தகராறு, கோர்ட்ல கேஸ் நடக்குது, கோர்ட் நியமிச்ச கமிஷனர் வக்கீலோட போய் அந்த நிலத்த அளந்து குடுக்கறது பாலு. அவன் அளவு கோர்ட்ல நிக்கணும். இவனுக்கும் அந்த வீட்டு பொண்ணுக்கும் நடுவுல ஏதோ இருக்குன்னு ஒரு பேச்சு கெளம்பினா எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ரிப்போர்ட்டையே தூக்கி போட சொல்லுவார். அதனால ரெண்டு பேரும் வாய தொறக்க முடியாது.

எதையும் தொடறதுக்கு முன்னாடி

ஒரு சோதனை பண்ணுங்க. ஒரு பேப்பர்ல இத எழுதுங்க: இவங்க ரெண்டு பேரும் இன்னைக்கு சாயந்தரமே உக்காந்து மனசு விட்டு பேசிட்டா என்ன கெட்டுப்போகும்? பதில் ஒரே வரில வரணும். "அப்பா நிலம் போயிடும்", "தம்பிக்கு குடுத்த சத்தியம் உடையும்", "அவளுக்கு கெடைச்ச வேலை போகும்" இப்படி கதைக்குள்ள இருக்கற யாரோ ஒருத்தர் வாழ்க்கைல ஏதாவது நெஜமா கெட்டுப்போகும்னு வந்துச்சுன்னா உங்க அடிப்படை நல்லா இருக்கு, பழுது வேற எங்கயோ, கீழ பாத்துக்கலாம். "ஒண்ணும் கெட்டுப்போகாது, கதைதான் முடிஞ்சிடும்"னு வந்துச்சுன்னா அவங்கள பிரிச்சு வச்சிருக்கறது நீங்கதான், கதை இல்ல. அத படிக்கறவங்க உங்களுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சிருப்பாங்க.

அறிகுறி: "எப்போதான் சேருவாங்க"ன்னு கேக்கறாங்க

இது பாதி நேரம் பழுதே இல்ல. ரெண்டு விதமான "எப்போ" இருக்கு. "ஐயோ அந்த பஸ்ஸ்டாண்ட்ல அவன் குடைய குடுத்துட்டு நனைஞ்சு போனானே, எப்போதான் சொல்லுவான்"னு ஒருத்தர் எழுதினா அது ஏக்கம், அத தொடாதீங்க, பயந்துபோய் அடுத்த அத்தியாயத்துலயே சேர்த்து வச்சிடாதீங்க. வெறுமனே "எப்போ முடியும்"னு எழுதினா அது சலிப்பு. ஏக்கத்துல கேக்கறவங்க ஒரு காட்சிய நெனச்சு கேப்பாங்க, சலிச்சவங்களுக்கு எந்த காட்சியும் ஞாபகம் இருக்காது. கமெண்ட்டு எத்தனைன்னு எண்ணாதீங்க, அதுல உங்க காட்சி ஏதாவது வருதான்னு பாருங்க.

சலிப்புன்னு உறுதியாச்சுன்னா தடைய பாருங்க. ஒவ்வொரு தடைக்கும் ஒரு ஆயுசு உண்டு. தப்பா புரிஞ்சுக்கறது ரொம்ப சின்ன ஆயுசு, என் அனுபவத்துல மூணு அத்தியாயத்துக்கு மேல தாங்காது, ஏன்னா ஒரு போன் பண்ணா தீந்துடும்னு படிக்கறவங்களுக்கு தெரியும், நாலாவது அத்தியாயத்துலயும் அவ போன் பண்ணலன்னா அவ மேல இருக்கற மரியாதையே போயிடும். வீட்டு எதிர்ப்பு கொஞ்சம் நீளமா வரும், அந்த அப்பா அம்மாவும் மனுஷங்களா இருந்தா. சாதியா இருந்தா அது நெஜமான சுவர், அத ஒரு கோயில் காட்சில எல்லாரும் அழுது கரைச்சிடாதீங்க, இங்க சுத்துவட்டாரத்துல வாழ்றவங்களுக்கு அது எப்படி கரையும் எப்படி கரையாதுன்னு நல்லாவே தெரியும். எல்லாத்தையும் விட நீளமா ஓடறது கடமை. ஒருத்தர் தன் மனசுக்கு நல்லதுன்னு நம்பற ஒண்ண விட்டாத்தான் இன்னொருத்தர அடைய முடியும்ங்கற மாதிரி இருக்கறது.

பொன்னியின் செல்வன் கல்கி பத்திரிகைல 1950ல ஆரம்பிச்சு 1954 வரைக்கும் வாராவாரம் வந்துச்சு. அவ்வளவு நாளும் குந்தவை வந்தியத்தேவன் நடுவுல இருக்கற அந்த கயிறு தளரவே இல்ல, இத்தனைக்கும் அவங்க நேருக்கு நேர் நிக்கற காட்சி கம்மிதான். காரணம் தடை. அவ சக்கரவர்த்தி மக, சோழ நாட்ட விட்டு போகமாட்டேங்கற பிடிவாதம் இருக்கறவ. அவன் ராஜ்யம் இல்லாத ஒரு குலத்து வாலிபன், ஓலை தூக்கிட்டு வந்த தூதன். அவனுக்கு அவ வேலை குடுக்கறா, அவன் உயிரக் குடுத்து செய்யறான், அவங்க பேசிக்கறது முக்கால்வாசி நாட்டு விவகாரம்தான், ஆனா அந்த விவகாரத்துக்கு அடில என்ன ஓடுதுன்னு நமக்கு தெரியும். யோசிச்சு பாருங்க, அவங்க காதல பேச நேரமே இல்லாத அளவுக்கு கதைல வேற வேலை இருந்துச்சு. உங்க கதைல அந்த வேற வேலை இருக்கா?

என் கதைல நான் பண்ண தப்பு இங்கதான். 52ஆவது அத்தியாயத்துல அவசரப்பட்டு கோர்ட் தீர்ப்ப குடுத்துட்டேன், கேஸு முடிஞ்சுபோச்சு, தடையும் முடிஞ்சுபோச்சு, ஆனா அவங்கள சேர்க்க எனக்கு மனசு வரல, அதனால பாலுவோட மாமா பொண்ணு போட்டோவ தேன்மொழி பாத்து தப்பா நெனச்சிட்டான்னு ஒண்ண வச்சு 80 வரைக்கும் ஓட்டினேன். 28 அத்தியாயம். என் கூடவே மூணு வருஷமா வந்த வாசகிங்க ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. வெளியிட்டத அழிக்க முடியாது, அதனால முன்னாடி பாத்துதான் சரி பண்ணணும். 81ல எதிர்த்தரப்பு அப்பீல் போனாங்க, கமிஷனர் ரிப்போர்ட்டு மேலயே ஆட்சேபணை. சிவில் கேஸ்ல இது சர்வ சாதாரணம், யாரும் ஏன்னு கேக்கல. பழைய தடை திரும்ப வந்துச்சு, இந்த வாட்டி இன்னும் பலமா, ஏன்னா நடுவுல ரெண்டு பேரையும் சேர்த்து பாத்த சாட்சிங்க இருந்தாங்க. செத்துப்போன தடைய உயிர்ப்பிக்கணும்னா அந்த தொழில்லயே அந்த ஊர்லயே வழி தேடுங்க, வெளிய இருந்து புதுசா ஒண்ண கொண்டுவந்து செருகாதீங்க.

அறிகுறி: கிட்ட வர்றப்போல்லாம் யாராவது கதவ தட்டறாங்க

அவன் வாய தொறக்கறான், போன் அடிக்குது. அவ கண்ண மூடறா, கரண்ட் வருது. பக்கத்து வீட்டு கொழந்தை பந்து தேடிட்டு ஓடி வருது. ஒரு கதைல ஒருவாட்டி இது வரலாம், ரெண்டாவது வாட்டி வந்தா படிக்கறவங்க அடுத்த காட்சில ஆரம்பத்துலயே கதவத்தான் பாப்பாங்க, அவன் மூஞ்சிய பாக்க மாட்டாங்க.

சரி பண்றது சுலபம், ஆனா எழுதறதுக்கு கஷ்டமா இருக்கும். வெளிய இருந்து வர்ற தடங்கல எடுத்துட்டு, அவங்கள்ல ஒருத்தரே நிறுத்தறாங்கன்னு மாத்துங்க. சில்வர் பீச்சுல ராத்திரி ஏழு மணி, பாலு சொல்ல ஆரம்பிக்கறான். முதல்ல எழுதினப்போ சுண்டல் விக்கற பையன அனுப்பினேன். அப்பறம் அவன எடுத்துட்டு இப்படி மாத்தினேன்.

"தேன்மொழி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லாதீங்க சார்."

"நான் என்ன சொல்லப்போறேன்னு..."

"தெரியும். நீங்க சொல்லிட்டா பதினாலாம் தேதி கூண்டுல ஏறி நின்னு, அவர எனக்கு அவ்வளவா பழக்கம் இல்லன்னு நான் பொய் சொல்லணும். இப்போ சொன்னா அது நெஜம். நெஜமாவே இருக்கட்டும்."

சுண்டல்கார பையன் வந்திருந்தா அந்த அத்தியாயம் அங்கயே நின்னிருக்கும். இப்போ அவளுக்கும் தெரியும்னு அவனுக்கு தெரிஞ்சுபோச்சு, ஆனா ஒண்ணும் சொல்லிக்கல. ஒரு படி மேல ஏறியாச்சு, கயிறும் அறுந்துபோகல. அதுக்கப்பறம் பதினாலாம் தேதி வரைக்கும் அவங்க எதிர்ல எதிர்ல நடந்துபோற ஒவ்வொரு காட்சிக்கும் தனியா எதுவும் சேர்க்கவே தேவையில்லாம போச்சு.

அறிகுறி: எல்லா அத்தியாயமும் ஒரே மாதிரி இருக்கு

தடை நல்லா இருக்கு, தடங்கலும் இல்ல, ஆனா எங்கயோ சப்புன்னு இருக்குன்னா இது. அரியாங்குப்பத்துல இருந்து வர்ற தங்கச்சி ஒருத்தி கதைல இதுதான் இருந்துச்சு, 40 அத்தியாயமா ஹீரோயின் ஜன்னல்கிட்ட நின்னு ஏங்கறா. நல்லா எழுதுவா அவ, ஒவ்வொரு ஏக்கமும் தனியா படிச்சா அழகு.

அவகிட்ட நான் சொன்னது நம்ம திணைய பாருன்னுதான். குறிஞ்சிக்கு புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்கு பிரிதல். பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டு மறந்துட்டோம். அந்த அஞ்சுல ஒண்ணே ஒண்ணுதான் சேர்ந்திருக்கறது, மீதி நாலும் சேராம இருக்கறதோட நாலு வகை! வருவான்னு நம்பி வீட்ல காத்திருக்கறது வேற, வரவே மாட்டானோன்னு கடலப் பாத்து கலங்கறது வேற, ஒருத்தர் நெஜமாவே கெளம்பி போறது வேற, பக்கத்துலயே இருந்துட்டு மூஞ்சிய திருப்பிக்கறது வேற. ஒரே வகைய 40 அத்தியாயம் எழுதினா எவ்வளவு நல்லா எழுதினாலும் நாக்கு மரத்துப்போகும்.

அதனால உங்க கடைசி இருபது அத்தியாயத்த எடுத்து ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இது எந்த வகைன்னு எழுதுங்க. தொடர்ச்சியா ஒரே பேரு நாலஞ்சு வந்துச்சுன்னா அங்கதான் பழுது. நான் என் கதைல இத பண்ணப்போ முழுக்க இருத்தலா இருந்துச்சு, தினமும் ஆபீஸ் வாசல்ல பாக்கறாங்க, நாளைக்கும் பாப்போம்னு நம்பிக்கை இருக்கு. அதனால 'தானே'ங்கற புயல உள்ள கொண்டுவந்தேன். கதை நடக்கறது 2011, புயல் டிசம்பர் 30 காலைல கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவுல கரைய கடந்துச்சு, அத பாத்தவங்களுக்கு நான் ஒண்ணும் விளக்க வேண்டாம். முந்தின நாள் பாலு பண்ருட்டி பக்கம் வேலையா போயிருக்கான். முந்திரித்தோப்பு மொத்தமும் சாஞ்சு கெடக்கு, ரோட்டுல பலா மரம், கரண்ட் இல்ல, சார்ஜ் இல்ல, போன் போகல. நாளைக்கு பாப்போம்னு இருந்தவ இப்போ ஆள் இருக்கானான்னே தெரியாம நிக்கறா. இருத்தல் இரங்கலாச்சு. அவங்களுக்குள்ள ஒரு வார்த்தை கூட நான் மாத்தல, தூரத்தோட தன்மைதான் மாறுச்சு, அந்த மூணு அத்தியாயத்துக்கு வந்த மாதிரி கடிதம் எனக்கு அதுக்கு முன்னாடி வந்ததில்ல. நாலாவது நாள் சேறு பூசின பேன்ட்டோட அவன் வந்து நிக்கறப்போ அவ கோவத்துல பேசவே மாட்டேங்கறா, அது ஊடல், சொல்லிக்காத காதலுக்குள்ளயே ஊடல், எந்த உரிமைல கோவப்படறோம்னு அவளுக்கே தெரியாது.

அறிகுறி: போன வாரம் நடந்தது இந்த வாரம் நடக்காத மாதிரி இருக்கு

60ல முத்தம், 61ல "வணக்கம் சார்". எழுதறவங்களுக்கு இது பயத்துல வர்றது, ஒரு படி ஏத்திட்டு ஐயோ ரொம்ப ஏத்திட்டமோன்னு இறக்கி வைக்கறது. படிக்கறவங்களுக்கு இது துரோகம் மாதிரி இருக்கும், அவங்க அந்த முத்தத்துக்காக 59 அத்தியாயம் காத்திருந்தவங்க.

ஒரு நோட்டு போடுங்க. மூணு கட்டம்: அவளுக்கு என்ன தெரியும், அவனுக்கு என்ன தெரியும், படிக்கறவங்களுக்கு என்ன தெரியும். ஒவ்வொரு அத்தியாயம் முடிஞ்சதும் நிரப்புங்க. ஒருவாட்டி கட்டத்துக்குள்ள போனது வெளிய வராது. பின்வாங்கலாம், மனுஷங்க பின்வாங்குவாங்க, ஆனா பின்வாங்கறதும் நடந்த ஒண்ணுக்கு பதிலாத்தான் இருக்கணும்.

நாலாவதா ஒரு கட்டம் நம்ம பாஷைக்குன்னே சேர்த்துக்கோங்க: எப்படி கூப்புட்டுக்கறாங்க. தமிழ்ல எழுதறவங்க கைல இருக்கற பெரிய அளவுகோல் இது. சார், பாலு சார், பாலு. நீங்க, நீ. இந்த மாற்றம் ஒவ்வொண்ணும் ஒருவாட்டிதான் நடக்கும், அதனால எங்க நடக்கணும்னு முன்கூட்டியே யோசிச்சு வையுங்க. நான் படிச்சு குடுக்கற கதைங்கள்ல 14ல "நீ", 17ல "நீங்க", 20ல மறுபடி "நீ"ன்னு கவனிக்காம மாறி மாறி வரும், எழுதினவங்க கிட்ட கேட்டா "அது அந்த ப்ளோல வந்துடுச்சுக்கா"ன்னு சொல்லுவாங்க, ஆனா படிக்கறவங்க காது அத எண்ணிட்டுத்தான் இருக்கும். தேன்மொழி 96 அத்தியாயம் அவன "சார்"னுதான் கூப்புட்டா. முதல்முறையா "பாலு"ன்னு அவ சொன்னது அவன் காதுல கூட விழல, கடலூர் பாண்டி பஸ்ஸு கன்னியகோவில் தாண்டி போயிட்டிருக்கு, அவன் படிக்கட்டுல தொங்கிட்டு வர்றான், கூட்டத்துக்கு நடுவுல இருந்து "பாலு, உள்ள வாங்க"ன்னு வாய்க்குள்ளயே சொல்றா. பேரு சொல்லிட்டா ஆனா "வாங்க" இன்னும் போகல. அந்த ஒரு வரில ரெண்டும் இருக்கு. அதே மாதிரி ரொம்ப நெருங்கினதுக்கு அப்பறம் ஒரு சண்டைல அவ திடீர்னு "சரிங்க சார்"னு சொன்னா அதுக்கு மேல கத்தல் எதுவும் தேவையில்ல.

அறிகுறி: மூணாவது ஆள் வந்தாரு, யாருக்கும் புடிக்கல, இல்லன்னா எல்லாருக்கும் அவரையே புடிச்சிடுச்சு

ரெண்டும் ஒரே பழுதுதான், அந்த ஆள் தடங்கலா மட்டும் வந்திருக்காரு. அவருக்குன்னு ஒரு காரணம், ஒரு வாழ்க்கை குடுங்க. கெட்டவரா ஆக்கி வெளிய தள்ளாதீங்க. அவர் போறப்போ ஹீரோயினுக்கு நெஜமா ஒரு நஷ்டம் இருக்கணும், ஏன்னா அப்போதான் அவ தேர்ந்தெடுத்தது தேர்வு. எல்லாருக்கும் அவரையே புடிச்சிடுச்சுன்னா ஹீரோ ரொம்ப நாளா சும்மா நிக்கறான்னு அர்த்தம், மூணாவது ஆள விட்டுட்டு ஹீரோவ பாருங்க.

அறிகுறி: சேர்க்கவே போறதில்ல, சொல்லவும் மனசு வரல

இது பழுது இல்ல, முடிவு. ஆனா அந்த முடிவ மறைச்சு வச்சு நம்பிக்கை குடுத்துட்டே போனா பழுதாயிடும். சிவகாமியின் சபதத்துல சிவகாமியும் மாமல்லரும் சேரல, வாதாபி எரிஞ்சு சபதம் நிறைவேறி அவ காஞ்சிக்கு திரும்பறப்போ அவருக்கு பாண்டிய ராஜகுமாரியோட கல்யாணம் ஆகியிருக்கு, அவ ஏகாம்பரநாதருக்கு தன்னையே ஒப்படைச்சுடறா. எங்க அம்மா அந்த கடைசி அத்தியாயத்த சத்தமா படிக்க மாட்டாங்க, தொண்டை அடைச்சுக்கும். ஆனா கோவப்பட்டதில்ல. ஏன்னா அவங்கள சேரவிடாம பண்ண சபதம் அவளோடது, அவ வாயால சொன்னது, அத நிறைவேத்தத்தான் இத்தனை வருஷம் போச்சு. சபதம் நிறைவேறின அதே இடத்துல காதல் போயிடுது. அந்த மாதிரி, பிரிவுக்கான விதை இவங்க பண்ண ஏதோ ஒண்ணுல ஆரம்பத்துலயே இருந்துச்சுன்னா வாசகர் அழுவாங்க, உங்கள திட்ட மாட்டாங்க. கடைசி அத்தியாயத்துல லாரி வந்து மோதினா திட்டுவாங்க, அதுல நியாயமும் இருக்கு.

அறிகுறி: சேர்த்து வச்சாச்சு, கதை செத்துப்போச்சு

மேல சொன்ன எல்லா பழுதுக்கும் வேர் இதுதான்னு நான் நம்பறேன். இந்த பயம் இருக்கறதாலதான் கதவ தட்டறாங்க, முத்தத்த மறக்கறாங்க, போட்டோவ பாத்து தப்பா நெனைக்கறாங்க.

வெளிநாட்ல எழுதறவங்க இதுக்கு ஒரு பேரே வச்சிருக்காங்க, மூன்லைட்டிங் சாபம்னு. மூன்லைட்டிங்ங்கறது 1985ல இருந்து 1989 வரைக்கும் அமெரிக்காவுல ஏபிசி சேனல்ல ஓடின தொடர், ஒரு துப்பறியற ஏஜென்சி, மேடின்னு முதலாளி, டேவிட்னு கூட வேலை பாக்கறவன், ரெண்டு பேரும் எப்பவும் சண்டை. 1987 மார்ச்சுல அவங்க சேந்தாங்க, அதுக்கப்பறம் தொடர் சரிஞ்சுது, அதனால சேர்த்தா செத்துடும்னு ஒரு பாடம் எல்லார் மனசுலயும் பதிஞ்சுபோச்சு. ஆனா என்ன நடந்துச்சுன்னு கிட்ட போய் பாத்தா வேற கதை. மேடியா நடிச்ச சிபில் ஷெப்பர்டுக்கு அந்த வருஷம் ரெட்டைக் கொழந்தை, டேவிட்டா நடிச்ச புரூஸ் வில்லிஸ் டை ஹார்ட் படத்துக்கு போயிட்டார், 1988ல எழுத்தாளர் ஸ்டிரைக் வேற. சேர்ந்தவங்கள ஒரே காட்சில நிறுத்தவே முடியாம போச்சு, பல அத்தியாயம் ஆளுக்கொரு ஊர்ல இருந்தாங்க, நடுவுல மேடி ரயில்ல பாத்த யாரோ ஒருத்தர கல்யாணமே பண்ணிக்கிட்டா. அவங்க சேந்ததால கதை சாகல, சேந்த ரெண்டு பேரையும் சேர்ந்து வாழவே விடலன்னுதான் நான் பாக்கறேன். அதே ஊர்ல கேசில்னு இன்னொரு துப்பறியற தொடர், நாலாவது சீசன் கடைசில, 2012ல ரெண்டு பேரும் சேர்ந்தாங்க, அப்பறம் இன்னும் நாலு சீசன் 2016 வரைக்கும் ஓடுச்சு.

இதெல்லாம் விடுங்க, நமக்கு அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். திருக்குறள் காமத்துப்பால்ல 25 அதிகாரம். களவியலுக்கு, அதாவது யாருக்கும் தெரியாம பாத்து தவிக்கற கட்டத்துக்கு 7. கற்பியலுக்கு, அதாவது சேர்ந்ததுக்கு அப்பறம் வர்ற கட்டத்துக்கு 18. நாம 200 அத்தியாயம் எழுதி எந்த இடத்துல முற்றும் போடறோமோ அந்த இடத்துல வள்ளுவர் மூணுல ஒரு பங்கு கூட தாண்டல! மீதில என்ன இருக்குன்னா பிரிவு, நெனப்பு, கனவு, அப்பறம் கடைசி மூணு அதிகாரம் முழுக்க ஊடல். அதுல புலவி நுணுக்கம்ங்கற அதிகாரத்துல ஒரு காட்சி, அவனுக்கு தும்மல் வருது, அவ வழக்கமா வாழ்த்தறா, வாழ்த்தின வாயாலயே அழ ஆரம்பிச்சுடறா, யாரு உங்கள நெனச்சதால தும்மினீங்கன்னு. ஒரு தும்மல். போன் இல்ல, மூணாவது ஆள் இல்ல, லாரி இல்ல. சேர்ந்து வாழற ரெண்டு பேர் நடுவுல ஒரு தும்மல வச்சு கயிற விறைப்பா இழுத்துட்டார். அளவும் அவரே சொல்றார், ஊடல் உப்பு மாதிரி, கொஞ்சம் கூடினா கெட்டுப்போகும்னு. மரக்காணம் உப்பளத்த தாண்டி போறப்போல்லாம் எனக்கு அந்த குறள் ஞாபகம் வரும்.

அதனால சேர்த்து வச்சதுக்கு அப்பறம் கதை படுத்துடுச்சுன்னா புதுசா வில்லன தேடாதீங்க, ஞாபக மறதி வியாதி கொண்டுவராதீங்க. பழைய தடைய எடுத்து கைல வச்சு பாருங்க. அது எங்கயும் போயிருக்காது. சேர்றதுக்கு முன்னாடி அது அவங்கள வெளிய இருந்து தடுத்துச்சு, சேர்ந்ததுக்கு அப்பறம் அதே விஷயம் வீட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்கும், அதுக்கு ஒரு நாற்காலி போடுங்க போதும்.

பாலுவும் தேன்மொழியும் 104ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, திருப்பாப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில்ல. 105ல இருந்து 112 வரைக்கும் நான் எழுதினது காபி போட்டு குடுக்கறதும் சிரிச்சுக்கறதும்தான், எனக்கே எழுத கை வரல. அப்போதான் நோட்ட எடுத்து பழைய கட்டத்த பாத்தேன். அந்த அளவுல பாலு நேர்மையா அளந்ததால அப்பாவுக்கு ஆறு சென்ட் போச்சு. கேஸ்ல ஜெயிச்சோம், ஆனா ஆறு சென்ட் எதிர்த்தரப்புக்கு போச்சு, அதுல ஒரு வேப்பமரம் இருந்துச்சு. அத பத்தி ரெண்டு பேரும் ஒருவாட்டி கூட பேசினதில்லன்னு நோட்டுல இருந்துச்சு, 104 அத்தியாயமா.

113 இப்படி ஆரம்பிக்குது. வெயில் காலம், அப்பா வீட்டு திண்ணைல உக்காந்திருக்காங்க, வேலிக்கு அந்த பக்கம் வேப்பமரத்த வெட்டறாங்க.

"ஒரு அடி தள்ளி கல்லு நட்டிருக்கலாம்ல நீ?"

அவ அவன முதல்முறையா "நீ"ன்னு சொன்னது அங்கதான்.

பாலு கோடாலி சத்தத்தையே கேட்டுட்டிருந்தான். "நட்டிருந்தா நீ என்னைக் கட்டிக்கிட்டிருப்பியா?"

அவ பதில் சொல்லல. உள்ள போய் ராத்திரிக்கு அரிசி களைய ஆரம்பிச்சா, தண்ணி தெளிஞ்சதுக்கு அப்பறமும் களைஞ்சுட்டே இருந்தா.